பதினான்கு சி-க்கு ஒரு சக்கர நாற்காலி

மஸ்கீகனில் ஏரிக்காற்று வாங்கிக்கொண்டு, யாருக்கும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் சௌக்கியமாக வாழ்கிற என் மனைவியின் தமையனார், பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லாம்பர்ட் அவர்களுக்கு, கிராண்ட் ராபிட்ஸிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஹார்மன் டைக்ஹவுஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் உயிர்கள் இரண்டு; இரண்டும் நலம். வழக்கமாக "நாங்கள் நலம்" என்று எழுதுகிறவன் இன்றைக்கு ஏன் தலையை எண்ணுகிறான் என்று நீங்கள் யோசிக்கலாம். கடைசி வரை படித்தால் விளங்கும். நடுவில் எழுந்து காபி போடப் போகாதீர்கள். உங்கள் பழக்கம் எனக்குத் தெரியும்.

விஷயம் நீங்கள் எனக்குக் கொடுத்த ரேடியோ ஸ்கேனரைப் பற்றியது. நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அப்போது ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பாதவர், போன மாதம் திடீரென்று வந்து நின்று, "ஹார்மன், இந்தாங்க உங்க ஓய்வுப் பரிசு. ஏர்போர்ட்டுல பேசிக்கிறது, மேல பறக்கிறவன் பேசிக்கிறது, எல்லாம் இதுல கேக்கும். பொழுது போறதே தெரியாது" என்று சொல்லி, சட்டைப்பைக்குள் அடங்காத அந்தக் கறுப்புப் பெட்டியை என் கையில் வைத்தீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ட்ரீனா பீனிக்ஸுக்கு விமானம் ஏறினாள். பேத்தி பியானோ வாசிக்கிறாளாம், அதைக் கேட்க மூன்று வாரம் தங்கவேண்டுமாம். மூன்று வாரம் கேட்கிற அளவுக்கு நீளமான பாட்டு உலகத்தில் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால் கூடவே என்னையும் கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயம். நான் விமானத்தில் ஏறாதவன். ஏணியில்கூட மூன்றாவது படிக்கு மேல் ஏறாதவன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீங்கள்தான் அந்த ஆண்டி. அதுவரை எங்கள் கூரைக்கு மேலே போகிற விமானம் எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். உங்கள் பெட்டியைக் காதில் வைத்த பிறகுதான் அதற்குள்ளே என்னென்ன பழுதாகிறது என்று தெரிந்தது. ஒருவன் விளக்கு எரியவில்லை என்கிறான், ஒருவன் கதவு சரியாகச் சாத்தவில்லை என்கிறான், இன்னொருவன் இடதுபக்கம் ஏதோ நாற்றம் வருகிறது என்கிறான், கீழே இருக்கிறவன் "சரி, பார்த்துக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவதைக் கேட்டவன் மாதிரி பதில் சொல்கிறான். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கோயிலில் பிரசங்கம் கேட்கும்போது சப்புவதற்கென்று வைத்திருக்கிற புதினா மிட்டாயையெல்லாம் வார நாளிலேயே தின்று தீர்த்தேன்.

ஒருநாள் ஒரு சின்ன விமானம். சக்கரம் இறங்கியதா இல்லையா என்று ஓட்டுகிறவனுக்கே தெரியவில்லை. விமான நிலையக் கோபுரத்தில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார், "எத்தனை உயிர்கள் இருக்கீங்க?" ஆட்கள் என்று கேட்கவில்லை, பயணிகள் என்று கேட்கவில்லை. உயிர்கள்! அவன் சொன்னான், "மூணு உயிர். கூட ஒரு நாய்." நல்லபடியாக இறங்கிவிட்டார்கள், சக்கரத்துக்கு ஒன்றுமில்லை, விளக்குதான் போயிருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. நாயை ஏன் தனியாகச் சொன்னான்? ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்டேன். அவர் சபை மூப்பர்களைக் கேட்டார். மூப்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, காபி ஆறுகிற வரை வாதாடினார்கள். அடுத்த வீட்டு பெர்த்தா வாண்டர்வால் அம்மாளை உங்களுக்குத் தெரியும், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு போனில் சொல்லி அனுப்புகிற நம் சபையின் ஜெபச் சங்கிலிக்குத் தலைக் கண்ணி. அவள்தான் விவாதத்தை முடித்து வைத்தாள். "நாய்க்கு உயிரில்லாம பின்ன என்ன, பேட்டரியா?"

ட்ரீனாவுக்குத் தினமும் போன் செய்தேன். பின்னால் எப்போதும் 'பீப், பீப்' என்று ஒரு சத்தம். "அது என்னடி?" என்றால், "பியானோவுக்குத் தாளம் போடற மெஷின்ங்க" என்றாள். "பேத்தி நிறுத்தவே மாட்டாளா?" என்றால், "நிறுத்தக் கூடாதுங்க. நின்னா கஷ்டம்" என்றாள். தாளத்தில் இவ்வளவு கண்டிப்பான டீச்சரா என்று மெச்சிக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு மடையனைக் கட்டிக்கொண்டதற்கு உங்கள் தங்கை ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவள் திரும்பி வருகிற நாளும் வந்தது. போன வியாழக்கிழமை மத்தியானம். டிக்கெட் எடுத்தவன் நான்தான். அவள் இருக்கை பதினான்கு சி. பதின்மூன்று வேண்டாம் என்று மாற்றியதும் நான்தான். மேஜை மேல் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, அவள் விமானத்தின் எண் காதில் விழுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இங்கே அந்தப் பெட்டியின் குணத்தை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். அது ஓர் அலைவரிசையில் நிற்காது. பத்துப் பதினைந்து அலைவரிசையையும் சுற்றிச் சுற்றி வரும். எங்கே பேச்சுக் கேட்கிறதோ அங்கே நிற்கும். பேசுகிறவன் மூச்சு வாங்கினால் போதும், அடுத்த அலைவரிசைக்குத் தாவிவிடும். இங்கே கேள்வி கேட்பான், பதில் வருவதற்குள் பெட்டி வேறெங்கோ போய் வேறொருவன் பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இதைவிட நல்ல கருவி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் அவள் விமானத்தின் எண் வந்தது. இறங்குவதற்கு முன்னால் விமானி தங்கள் கம்பெனி ஆட்களைக் கூப்பிடுகிறார். "பதினாலு சி-ல இருக்கிற அம்மாவுக்கு வாசல்லயே ஒரு சக்கர நாற்காலி வேணும். இதயத்துல கோளாறு உள்ளவங்க." கீழே இருந்து ஒரு பெண் குரல், "இப்ப எப்படி இருக்காங்க?" என்றது. பெட்டி தாவிவிட்டது. உடனே ஒரு கரகரத்த குரல், "செத்துப்போச்சு."

லாம்பர்ட், நான் பொய் சொல்லவில்லை. "செத்துப்போச்சு. விறைச்சுக் கெடக்கு" என்றான். மனுஷியைப் போய் 'போச்சு' என்கிறானே, மரியாதை தெரியாத பயல் என்று அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்தது. பெட்டி மறுபடி தாவியது. வேறு எவனோ, "காபி போதும், மத்ததைத் தூக்கிப் போட்ரு" என்றான். மறுபடி அந்தக் கரகரத்த குரல்: "ஒரு பெரிய பை எடுத்துட்டு வா. கனமா இருக்கு, ஒத்தையாத் தூக்க முடியாது." ட்ரீனா கொஞ்சம் பூசினாற்போல இருப்பவள்தான். அதற்காக ஊரெல்லாம் கேட்க ரேடியோவில் சொல்லுவார்களா?

நான் நாற்காலியை விட்டு எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அந்த நிலையில் கார் ஓட்டக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. பெர்த்தாவுக்குப் போன் செய்து, "ட்ரீனா... பதினாலு சி... சக்கர நாற்காலி... செத்துப்போச்சு... பை..." என்று ஐந்தாறு சொல் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு போன் மட்டும் செய்துவிட்டு வந்தாள். ஜெபச் சங்கிலியில் ஒரு போன் போதும். முதல் வீட்டில் 'ட்ரீனாவுக்கு உடம்பு சரியில்லை' என்று கிளம்பிய சேதி, நான்காவது வீட்டில் விமானத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று ஆகி, ஏழாவது வீட்டைத் தொடுவதற்குள் சவப்பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது, என்ன பாட்டுப் பாடுவது என்று முடிவாகியிருந்தது.

காரில் நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். கூடப் போயிருக்கலாமே, கண்ணை மூடிக்கொண்டாவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாமே, பதினான்கு டி காலியாகத்தானே இருந்தது என்று புலம்பினேன்.

"ஹார்மன், மூச்சு விடுங்க" என்றாள் பெர்த்தா. "நீங்களும் போயிட்டீங்கன்னா ஒரே வாரத்துல மூணு சாவுச் சாப்பாட்டுக்கு நாங்க எங்க போறது?"

"மூணா?"

"போஸ்ட்மா பெரியவருக்கு நாளைக்கு அடக்கம் இருக்கே, மறந்துட்டீங்களா? பொம்பளைங்க எல்லாம் கோயில் சமையலறையிலதான் இருந்தாங்க. பன்னெல்லாம் தயாரா இருக்கு. ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்லிட்டேன்."

"அது போஸ்ட்மாவுக்குச் செஞ்சதாச்சே?"

"அவரு காத்திருப்பாரு. அவருக்கு இனி என்ன அவசரம்?"

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவி, உள்ளே பன்றியிறைச்சித் துண்டு வைத்து, தட்டுத் தட்டாக அடுக்கி வெள்ளைத் துணி போட்டு மூடி யாராவது எடுத்துவந்தால், 'யார் போனது?' என்று கேட்பதைத் தவிர நம் ஆட்களுக்கு வேறு கேள்வி வாயில் வராது. கல்யாணத்துக்கு அதைச் செய்ய மாட்டோம். பிறந்தநாளுக்குச் செய்தால் அடிக்க வருவார்கள். அது சாவுப் பன்.

விமான நிலையத்து வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நான் ஓடினேன். தொழிற்சாலையில் தீப்பிடித்தபோதுகூட நடந்தே வெளியே வந்தவன் நான். உள்ளே போனதும் நெஞ்சில் ஏதோ ஓர் இழுப்பு. இடது கை கனத்தது. பயத்தில் எனக்கு இது வழக்கம்தான் என்று இரண்டு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குள் நம் சபைப் பெண்கள் வந்துவிட்டார்கள். பயணிகள் வெளியே வருகிற வழியில், கறுப்பு உடுப்பும் கையில் தட்டுமாக வரிசையாக நின்றார்கள். போதகர் வேதப் புத்தகத்தில் விரலை விட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்த பயணிகள் எல்லாம் அந்த வரவேற்பைப் பார்த்துத் தங்கள் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ட்ரீனா. மடியில் கைப்பை, தலையில் பீனிக்ஸில் வாங்கிய ஒரு கண்றாவித் தொப்பி. தூண் மறைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் அவள் கண்ணில் படவில்லை. அவள் பெண்களைப் பார்த்தாள், போதகரைப் பார்த்தாள், அப்புறம் தட்டுகளைப் பார்த்தாள். பெர்த்தா ஏந்தியிருந்த தட்டின் துணியை எட்டி விலக்கினாள். பன். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! அவர் எங்க?" என்று கத்தினாள். "ஹார்மன் எங்க? அவருக்குத் தெரிஞ்சுபோச்சா? தெரிஞ்சதும் உசிரை விட்டுட்டாரா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அவர்கிட்ட யாரும் சொல்லாதீங்கன்னு!"

நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்தாள். தள்ளிவந்த பணியாளர் "அம்மா, உக்காருங்க, எழுந்திருக்கக் கூடாது!" என்று பின்னாலேயே ஓடினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "என்ன தெரிஞ்சுபோச்சா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "நீங்க சாகலையா?" என்றாள். "நீ?" என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் போதகர் எந்த வசனத்தை எடுப்பது என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவிட்டார்.

பிறகு, கழுத்துப் பட்டனை அவிழ்த்துக் காட்டினாள். தோளுக்குக் கீழே ஒரு கட்டு. உள்ளே ஒரு சின்னப் பெட்டியாம். இதயம் தாளம் தப்பும்போதெல்லாம் அது தட்டிக் கொடுத்து ஓட்டுமாம். போன மாதம் கோயில் சமையலறையில் அவள் மயங்கி விழுந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. டாக்டர் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மகள் கார்லா பீனிக்ஸில் நர்சாக இருக்கிறாளே, அவள் பக்கத்தில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. பியானோ இல்லை, தாளக் கருவி இல்லை. நான் தினமும் கேட்ட 'பீப்' ஆஸ்பத்திரி மெஷினில் ஒலித்த உங்கள் தங்கையின் நெஞ்சு. நின்றால் கஷ்டம்தான்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா? நான் பல்லுப் புடுங்கிக்கப் போனப்ப வெளிய உக்காந்திருந்த நீங்க மயங்கி விழுந்தீங்க. வாயில பஞ்சோட நான்தான் கார் ஓட்டி உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். இதைச் சொல்லியிருந்தா எனக்கு முன்னாடி உங்களுக்கு வெட்டியிருக்கணும்." அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "லாம்பர்ட் அண்ணன்தான், 'நீ கவலைப்படாதே, அவர் கையில ஒரு பொம்மையைக் குடுத்துடறேன், மூணு வாரம் சத்தமில்லாம இருப்பார்'னு சொன்னாரு."

பெர்த்தா குறுக்கே வந்தாள். "அப்ப செத்துப்போச்சுன்னு சொன்னது யாரை?"

நாற்காலி தள்ளிவந்தவர்தான் தன் இடுப்பு ரேடியோவில் விசாரித்து விளக்கினார். ஓடுபாதை ஓரத்தில் ஒரு வாத்து அடிபட்டுக் கிடந்ததாம். இந்தப் பக்கத்துக் காட்டு வாத்துதான், கொழுத்தது. பை கேட்டது அதற்கு. ட்ரீனா என் கோட்டுப் பையில் பிதுங்கிய ஸ்கேனரை உருவி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுல ஒரே இடத்துல நிறுத்தி வைக்கிற பட்டன் இருக்கே, பார்க்கலியா?" என்றாள். மூன்று வாரமாகப் பார்க்கவில்லை. நீங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோரும் அங்கேயே நின்றபடி பன்னைத் தின்றோம், பணியாளருக்கும் இரண்டு கொடுத்தோம். மிச்சமானது போஸ்ட்மாவுக்குப் போனது. அந்தச் சக்கர நாற்காலியை நான் குனிந்து பார்த்தேன். இடது சக்கரம் கொஞ்சம் உராய்ந்தது. என் கையாலேயே முடுக்கிவிட்டு, அவளை உட்காரவைத்து, கார் வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு போனேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மைத்துனரே, எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இருக்கிறது. காதை அடைக்க நீங்கள் கொடுத்த பெட்டி வழியாகத்தான் எனக்கு உண்மை வந்து சேர்ந்தது; அதுவும் வாத்தோடு சேர்ந்து வந்தது. நான் பயந்தாங்கொள்ளி. ஒப்புக்கொள்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலும் தெரியும். ஆனால் ஒன்று கேளுங்கள். அந்த வானத்தில் பறக்கிறவர்களை நான் மூன்று வாரம் கேட்டேன். முகம் பார்க்காதவர்கள், பெயர் தெரியாதவர்கள். விளக்கு எரியவில்லை என்றால் எரியவில்லை என்கிறார்கள், எண்ணெய் இவ்வளவுதான் இருக்கிறது என்கிறார்கள், எத்தனை உயிர் என்று கேட்டால் நாய் உட்பட எண்ணிச் சொல்கிறார்கள். கேட்கிறவன் பயந்துவிடுவானே என்று ஒருவரும் ஒன்றையும் மறைக்கவில்லை. என் வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடுகிறவள், எனக்காகப் பியானோ கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு மெய்யாகவே பயமாக இருக்கிறது. நான் பயப்படுகிறேனே என்று, என்னை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் எல்லோரும் கூடிப் பயந்திருக்கிறீர்கள். கூட்டத்தோடு பயப்பட எனக்கும் உரிமை உண்டு.

ஆகையால் இன்று முதல் இந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம். யாருக்கு என்ன வந்தாலும் ரேடியோவில் சொல்வதுபோல உடைத்துச் சொல்லிவிட வேண்டும்: எத்தனை உயிர், எவ்வளவு எண்ணெய், எது பழுது. ட்ரீனா ஒத்துக்கொண்டுவிட்டாள். கார்லாவுக்கும் எழுதிவிட்டேன். நீங்களும் கையெழுத்துப் போடாத குறையாக ஒத்துக்கொள்ள வேண்டும். கணவன் மனைவிக்கு நடுவில் இனி ஒளிவுமறைவு என்ற பேச்சே கிடையாது. உங்கள் ஸ்கேனரை வந்து எடுத்துப் போய்விடுங்கள். எனக்கு வேண்டாம். இனி நான் என் மனைவியிடமே நேரில் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், ஏரியில் மீன் கடிக்கவும், இந்தக் குளிர்காலம் உங்கள் வீட்டுக் குழாய்களை விட்டுவைக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொண்டு, ட்ரீனாவின் அன்பையும் என் வணக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நடந்ததை எல்லாம் மன்னித்துவிடப் பார்க்கும்,
ஹார்மன் டைக்ஹவுஸ்

பின்குறிப்பு: ஸ்கேனரை எடுத்துப் போக வேண்டாம். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் காரோடு அவசியம் வர வேண்டும். அன்றைக்கு ஓடினேனே, அந்த நெஞ்சு இழுப்பு இன்னும் விடவில்லை. நேற்று டாக்டரிடம் போனேன். ஸ்கேனருக்குப் பேட்டரி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்கிறார். நீங்களும் நானும் மீன் பிடிக்கப் போவதாக ட்ரீனாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நம்பும்படியாகத் தூண்டிலைக் கார் மேலே கட்டிக்கொண்டு வாருங்கள். ஸ்கேனரை அவள் காதில் மாட்டிவிட்டேன், ஒரே இடத்தில் நிற்காதபடி பட்டனையும் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் சத்தமில்லாமல் இருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். பாவம், பயந்துவிடுவாள்.